ஆளில்லாத வீடும் அத்தானின் பீரோவும்

என் அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுகிறேன். உறவுமுறை அப்படி இருப்பதால் கூப்பிடுகிறேன், மரியாதையால் இல்லை. அவர் காப்பீட்டு ஏஜென்ட். எங்கள் தெருவில் வீடு, கடை, வண்டி என்று எதற்கு யார் பாலிசி எடுத்திருந்தாலும் அது அவர் மூலமாகத்தான். அதற்கு முன்னால் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் இருந்தார், பிறகு ஒரு ஃபர்னிச்சர் கடையில் நின்றார். இரண்டு இடத்திலும் முதலாளிக்கே புத்தி சொல்லப் போய் வெளியே வந்தார். அடுத்தவனுக்குப் புத்தி சொல்வதற்கே கமிஷன் தரும் தொழில் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று யாரோ காட்டிக்கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டார்.

அவர் பாலிசி விற்கும் அழகைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வருவார், கொடுத்த டீயைக் குடிப்பார், பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "இந்த விரிசல் எத்தனை நாளா இருக்கு?" என்பார். விரிசலே இல்லாத வீட்டில் ஸ்விட்ச் போர்டைப் பார்ப்பார். வீட்டுக்காரரும் எழுந்து வந்து பார்க்க ஆரம்பித்ததும் பையிலிருந்து படிவத்தை எடுப்பார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி ஏற்கெனவே போட்டிருக்கும். யாரும் எதையும் படித்ததில்லை. படிக்க அவர் நேரம் கொடுத்ததுமில்லை.

பாலிசி பத்திரம் கம்பெனியிலிருந்து அவர் கைக்கு வரும். அங்கேயே நின்றுவிடும். வாடிக்கையாளரிடம் அவர் கொடுப்பதே கிடையாது. "உங்க வீட்ல வெச்சா எங்க வெச்சோம்னே மறந்துடுவீங்க. என் பீரோவுல பத்திரமா இருக்கட்டும். ஏதாவது ஒண்ணுன்னா நான் எடுத்துப் பாத்துக்கறேன்" என்பார். அதற்குப் பதிலாகத் தன் படம் போட்ட காலண்டர் ஒன்றைக் கொடுப்பார். அவர் வீட்டுப் பின்னறையில் ஒரு இரும்பு பீரோ. அதன் சாவி அவர் இடுப்பில். குளிக்கும்போதும் அங்கேதான். தெருவே இதைப் பெரிய சேவை என்று மெச்சிக்கொண்டது. நானும் சளைத்தவனில்லை. என் குழாய்க் கடையின் பாலிசியும் அந்த பீரோவுக்குள்தான் இருந்தது.

தெருமுனைத் தையல்காரம்மாவின் கதையிலிருந்துதான் எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் முற்றியது. வீட்டு முன்னறையிலேயே மெஷின்களைப் போட்டுத் தைத்துக்கொடுக்கும் பெண். அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட, வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கேயே ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார். அந்தச் சமயத்தில் முன்னறை பற்றி எரிந்தது. மெஷினும் துணிகளும் கரி. கம்பெனி ஒரு பைசா தர முடியாது என்றது. வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமாம். தெரிவிக்காவிட்டால் பாலிசி செல்லாதாம்.

தையல்காரம்மா அத்தானிடம் வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அத்தான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, அவருடைய பாலிசியை உருவி, அந்த நிபந்தனை இருந்த இடத்தில் விரலை வைத்தார். தன் பாலிசியைத் தன் கண்ணால் அந்தம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாருங்க, தெளிவாப் போட்டிருக்கான். இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சு வெச்சுக்கணும்மா. இப்ப வந்து அழுதா நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய காகிதத்தை மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். அந்தம்மா கிளம்பிப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தானோ, படிப்பறிவில்லாத ஜனங்களோடு மாரடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று என்னிடமே அலுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு மூட்டு வலி. மகள் இருக்கும் ஊரில் பெரிய டாக்டர் இருக்கிறார், அங்கே போய்த்தான் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. அக்காவும் அவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போன இடத்தில் இரண்டு மாதம் ஆகிவிட்டது. தையல்காரம்மாவுக்கு விரல் வைத்துக் காட்டினாரே, அந்த நிபந்தனை தனக்கும் உண்டு என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கம்பெனிக்கு ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். நிபந்தனை எல்லாம் வாடிக்கையாளருக்கு, ஏஜென்ட்டுக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் பூட்டிய வீட்டின் மாடிக் குளியலறையில் வாஷ்பேசினுக்குத் தண்ணீர் போகும் சின்னக் குழாய் வெடித்துவிட்டது. பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்று முன்னமே சொல்லியிருந்தேன். சும்மா கொடுப்பதானால் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் வருகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து தகவல் வந்ததும் நான் போய்ப் பூட்டை உடைத்தேன். கூடத்தின் கூரைப்பூச்சு முழுதும் தரையில் கிடந்தது. கதவுகள் ஊதிப்போய் நிலையிலேயே இறுகி நின்றன. பின்னறையில் தண்ணீர் நேராக பீரோவின் தலையில் ஊற்றியிருந்தது. பிறகு திறந்து பார்த்தபோது தெருவின் பாலிசிகள் அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கூழாகக் கிடந்தன.

அக்காவும் அத்தானும் என் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா தினமும் தன் வீட்டுக்குப் போவாள். ஜன்னல்களைத் திறந்துவைப்பாள், பூசணம் பிடித்த சுவரைத் துடைப்பாள், பொழுது சாய்ந்ததும் திரும்பி வருவாள். அது எங்கள் அப்பா அவளுக்குக் கொடுத்த வீடு. அவள் பெயரில் இருப்பது. "நான் எப்படா என் வீட்டுக்குப் போவேன்?" என்று என்னிடம்தான் கேட்பாள். அத்தானிடம் கேட்டால் பதிலுக்கு ஒரு பிரசங்கம் வரும்.

சேதத்தை மதிப்பிட கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பியது. கூடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டே, வீடு எவ்வளவு நாளாகப் பூட்டியிருந்தது என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை அடக்குவான். நம் ஆள் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

"ரெண்டு மாசம் சார். பெரிய டாக்டர். அவர்கிட்ட தேதி கிடைக்கறதே குதிரைக்கொம்பு" என்றார்.

சர்வேயர் அதை அப்படியே குறித்துக்கொண்டு போனார். பதிலும் வந்தது. நிபந்தனைப்படி எதுவும் தரத் தேவையில்லை. இருந்தாலும் ஏஜென்ட்டின் நீண்டகாலச் சேவையை மதித்து, கருணை அடிப்படையில் ஒரு தொகை தருகிறோம். இதோடு முழுத் தீர்வு என்று பாலிசிதாரர் கையெழுத்திட வேண்டும். கருணை என்ற சொல்லுக்கு இப்படி ஒரு அவமானம் நேரும் என்று நான் நினைத்ததில்லை. அந்தப் பணத்தில் கதவுகளைக்கூட மாற்ற முடியாது.

அத்தான் பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "போடு. கம்பெனியப் பகைச்சுக்கிட்டா என் தொழில் என்ன ஆகறது?"

"கூரை இல்லாம நான் எங்க போறது? நான் போட மாட்டேன்" என்றாள் அக்கா.

கல்யாணமான நாளிலிருந்து அவர் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவள். நானே கொஞ்சம் மிரண்டுபோனேன். மேல்முறையீடு, கடிதம் என்று கொஞ்ச நாள் ஓடியது. கம்பெனியின் குறைகேட்கும் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே குறையைக் கேட்பார்கள், அவ்வளவுதான். கடைசியில் கம்பெனிக்கு மேலே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம் என்று என் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். புகாரை மட்டும் அத்தானே எழுதினார். தன்னை விட்டால் எழுத ஆளில்லை என்றார். என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்டவில்லை. அக்கா கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சில் குறி மட்டும் இருந்தது.

விசாரணைக்குப் போகும் அன்று அக்கா தையல்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவங்க எதுக்கு?" என்றார் அத்தான்.

"அவங்களுக்கும் இதே பதில்தானே வந்துச்சு. என்ன நடக்குதுன்னு பாக்கட்டுமே."

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அத்தான் அக்காவுக்குப் பாடம் நடத்தினார். நிபந்தனை தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்று மட்டும் சொல்ல வேண்டும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். பாலிசியைப் பற்றி வேறு எதுவும் வாயைத் திறக்கக் கூடாது. பாலிசியைக் கொடுக்கவில்லை என்று தெரிந்தால் அவர் ஏஜென்ஸிக்கே ஆபத்து. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தன் வீட்டுக்குப் போவதும் போகாததும் இனி அவள் என்ன சொல்கிறாள் என்பதில் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கோர்ட் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தோம். ஒரு நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத சுவர்க்கடிகாரம். குறைதீர்ப்பாளர் ஒரு பெண்மணி. ஜலதோஷம் போல, கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே கம்பெனி அனுப்பிய ஆள், மடிப்புக் கலையாத சட்டையோடு. உறவுக்காரர்கள் என்று எங்களையும் பின்னால் உட்கார விட்டார்கள்.

"வீடு அந்த ரெண்டு மாசமும் பூட்டித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார் குறைதீர்ப்பாளர்.

"இல்லைங்கம்மா. புகார்லயே எழுதியிருக்கேன். என் மச்சான் தினமும் ராத்திரி அங்க வந்துதான் படுத்துக்குவார்" என்றார் அத்தான், என்னைக் கைகாட்டி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு புளுகு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பேன், எல்லார் முன்னாலும் மாட்டிவிட்டால் தலையாட்டுவேன் என்பது அவர் கணக்கு.

குறைதீர்ப்பாளர் கோப்பைப் புரட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி நாலஞ்சு நாளாவது ஓடியிருக்கும்னு சர்வேயர் ரிப்போர்ட்ல இருக்கு. தினமும் வந்து படுத்தவருக்கு நனையலையா?"

கம்பெனி ஆள் சிரிப்பை இருமலாக மாற்றினார். கூரைக்கும் ஸ்விட்ச் போர்டுக்கும் ஆயிரம் ஆபத்துச் சொன்ன மனிதர், தான் சொல்லும் பொய்யில் இருக்கிற ஓட்டையைப் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"நான் அங்க படுக்கலைங்க. பூட்டை உடைக்கத்தான் போனேன்."

"உக்காருங்க" என்றுவிட்டு அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "பாலிசி உங்க பேர்ல இருக்கு. முப்பது நாளுக்கு மேல ஆளில்லாம இருந்தா சொல்லணும்னு ஒரு நிபந்தனை இருக்கே, அது உங்களுக்குத் தெரியுமா?"

மேசைக்கு அடியில் அத்தானின் செருப்பு அக்காவின் காலை அழுத்துவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அக்கா காலை நகர்த்திக்கொண்டாள்.

"தெரியாதுங்க. அந்தப் பேப்பரை நான் பார்த்ததே இல்ல."

கம்பெனி ஆள் இதற்குத்தான் காத்திருந்தது போல முன்னால் நகர்ந்தார். "மேடம், பாலிசி அந்த வீட்டு விலாசத்துக்கே போயிருக்கு. கொண்டு போனது ஏஜென்ட். அந்த ஏஜென்ட் இவங்க வீட்டுக்காரர். இதுக்கு மேல கம்பெனி எப்படித்தான் கொடுக்கறது?"

சரியான அடி. குறைதீர்ப்பாளரும் யோசித்தார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. ஒரே வீட்டுல இருக்கீங்க. கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாமே?"

"கேட்டேங்க. பீரோ சாவி அவர் இடுப்புலதான் இருக்கும். உனக்கெதுக்கு அதெல்லாம்னுட்டார்." அக்கா குரலை உயர்த்தவில்லை. சமையல் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

குறைதீர்ப்பாளர் அத்தானைப் பார்த்தார். "அப்படியா?"

அந்த நிமிடம் எல்லாம் அத்தான் கையில் இருந்தது. இல்லை, அன்றைக்கே அவளிடம் கொடுத்துவிட்டேன் என்று அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் கம்பெனி ஜெயித்திருக்கும், ஏஜென்ஸி பிழைத்திருக்கும், அக்காவின் வீடு அப்படியே கிடந்து மக்கியிருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் பெண்டாட்டி நாலு பேர் முன்னால், அதுவும் தையல்காரம்மா முன்னால், தன்னைக் குறை சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய அகங்காரம் அவரை முந்திக்கொண்டது.

"கொடுத்தா மட்டும் இவளுக்கு என்னம்மா புரியப்போகுது? இவளுக்கு மட்டுமில்ல, நான் யார் கையிலயும் கொடுக்கறதில்ல. எல்லாருதும் என் பீரோவுலதான் இருக்கும். என் சர்வீஸே அதுதான்."

கம்பெனி ஆள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். குறைதீர்ப்பாளர் எழுதினார். "இன்னொரு தடவை சொல்லுங்க, சரியா எழுதிக்கறேன்" என்றார். தன் சேவையைத்தான் பாராட்டிக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக, எழுத வசதியாகச் சொன்னார். எந்த வருஷத்திலிருந்து அப்படிச் செய்கிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். என் வாழ்க்கையில் ஒரு மனிதன் தன் தலையில் தானே இவ்வளவு பொறுமையாக மண்ணள்ளிப் போட்டுக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

"எனக்கும் கொடுக்கலைங்க" என்று என் பக்கத்திலிருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது.

"உங்க விஷயத்தைத் தனியா எழுதிக் கொடுங்கம்மா. கம்பெனி மறுத்து ஒரு வருஷம் தாண்டறதுக்குள்ள கொடுத்துடுங்க" என்றார் குறைதீர்ப்பாளர்.

திரும்பி வரும்போது அத்தான் பஸ்ஸில் சொன்னார்: "பாத்தியா மாப்பிள்ளை, நான் பேசப் பேச அந்தம்மா அசந்துபோயிட்டாங்க." நான் ஆமாம் என்றேன். பொய்யில்லை.

தீர்ப்பு அக்காவின் பெயருக்கு வந்தது. வாடிக்கையாளர் கண்ணில் காட்டாத நிபந்தனையை வைத்து அவருடைய பணத்தை மறுக்க முடியாது. சர்வேயர் மதிப்பிட்டதை முழுதும் கொடு. பாலிசியின் நகலை ஏஜென்ட் கையில் தராமல் நேராகப் பாலிசிதாரருக்கு அனுப்பு. ஏஜென்ட்டைப் பற்றித் தனியாக ஒரு பத்தி இருந்தது. அடுத்த மாதமே கம்பெனி அவர் ஏஜென்ஸியைப் பிடுங்கிக்கொண்டது. இத்தனை வருஷம் அந்த பீரோவைப் பற்றித் தெரிந்தும் அவர் கொண்டுவந்த வியாபாரத்தை வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்ட கம்பெனிதான் அது. தையல்காரம்மாவின் புகார் விசாரணை வரைக்கும்கூடப் போகவில்லை. அத்தான் சொன்னது ஏற்கெனவே பதிவாகிவிட்டதால் கம்பெனியே கூப்பிட்டுப் பணத்தைக் கொடுத்தது. எல்லாம் பொறாமை பிடித்தவர்கள் செய்த வேலை என்று அத்தான் என் மாடியறையில் உட்கார்ந்து என் மனைவியிடம் விளக்கினார். அவளும் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், வேறு வழி.

கூரை பூசி, கதவு மாற்றி, ஒயரிங் முடித்து வீடு தயாரானது. அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வேலை வாங்கினாள். கிளம்பும் நாளில் தன் துணிகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே அத்தான், தன் பெட்டியைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு.

"நீங்க எதுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வர்றீங்க?" என்றாள் அக்கா.

"வீட்டுக்குத்தானே போறோம்?"

"நான் போறேன். நீங்க இங்கயே இருங்க."

"என்ன பேசற நீ? உன்னை மட்டும் எப்படித் தனியா விடறது?"

"பாலிசி என் கைக்கு வந்துடுச்சுங்க. ஒரு வரி விடாம படிச்சேன். வீட்ல ஒருத்தர் குடியிருந்தாப் போதுமாம்."

கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. என் மனைவியிடம், வாங்கிய குக்கரை நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கி நடந்தாள். அத்தான் பாதிப் படியில் பெட்டியோடு நின்றார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எங்களைப் பார்த்தார். நான் கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

அவர் இன்னும் என் மாடியில்தான் இருக்கிறார். என் வீட்டு ஸ்விட்ச் போர்டு சரியில்லை என்று ஆரம்பித்திருக்கிறார். போன வாரம் அக்காவிடம் போய், போதும், கூட்டிக்கொள் என்று கேட்டுப் பார்த்தேன். அவள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க, டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

"இருக்கட்டும்டா, என்ன அவசரம்" என்றாள்.